பாதுகாப்பான நகரத் திட்டம் போலீஸுக்கு மட்டுமா?

"பாதுகாப்பான நகரத் திட்டம்னா போலீஸ் கேமரா மாட்டுறது, அவ்வளவுதான். மாநகராட்சிக்கு இதுல வேலையே இல்ல, பணமும் முழுக்க டெல்லியோடது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேமரா மட்டும் போதாது என்றும் சொல்கிறார். மாநகராட்சி பற்றியும் பணம் பற்றியும் அவர் சொன்னது இரண்டுமே தவறு.

பெண்களின் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியை 2013-இல் மத்திய அரசு தொடங்கியது. ஆனால் அதன்கீழ் சென்னை உட்பட 8 நகரங்களில் நடக்கும் இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம்தான், மீதி 40 மாநிலத்துடையது. சென்னையில் காவல்துறையோடு மாநகராட்சியும் மாநகரப் போக்குவரத்துக் கழகமும் இதில் பங்காளிகள். பேருந்துகளில் அவசர பட்டன் வைத்தது இந்த நிதியில்தான். இதே திட்டத்தின்கீழ் மாநகராட்சிக்குள்ளேயே பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் என்று தனிப் பிரிவு 2022-இல் வந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரவு ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பில் இறங்கி இருட்டுத் தெருவில் நடக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது எரிகிற தெருவிளக்கு. அதைப் போடுவது போலீஸ் அல்ல, மாநகராட்சி. பொதுக் கழிப்பறையும், நடைபாதையும் அப்படியே. "அவர்களுக்கு வேலையே இல்லை" என்று நாமே சொல்லிவிட்டால், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் யார் போய்க் கேட்பது?

கேமரா மட்டும் போதாது என்று அவர் சொன்னது சரி, அதில் முழு உடன்பாடு. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணைத் தெருக் கேமரா பார்க்காது. அவர்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும்.