சாங்கின் பெரிய கண்டுபிடிப்பு மாத்திரை அல்ல

கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களுள் ஒருவரான இனப்பெருக்க உயிரியலாளர் எம்.சி. சாங்கைப் பற்றிய ஒரு கட்டுரை, அவரை அந்த மாத்திரையோடு நிறுத்திவிட்டது. அவருடைய ஆகப் பெரிய கண்டுபிடிப்பு வேறு என்பேன். வெளியேறிய உடனே விந்தணுவால் கருமுட்டைக்குள் நுழைய முடியாது. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்து தயாராக வேண்டும். முயலில் சுமார் 6 மணி நேரம். 1951-இல் அமெரிக்காவில் சாங்கும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்ற உயிரியலாளரும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தார்கள்.

அதற்கு முந்தைய சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முயற்சிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ச்சி பட்டாலே முயலின் முட்டை விந்தணு இல்லாமலும் கருவைப் போலப் பல செல்களாகப் பிளவுபடலாம். ஆகவே பிளவை மட்டும் வைத்துக் கருவுற்றது என்று சொல்ல முடியாது. சாங் 1959-இல், இணைசேர்ந்த பெண் முயலின் கருப்பையிலிருந்து விந்தணுவை எடுத்து, உடலுக்கு வெளியே முட்டைகளைக் கருவுறச் செய்து, வேறு முயல்களுக்குள் வைத்தார். குட்டிகள் உயிருடன் பிறந்தன. அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்!

தயாரான விந்தணுவை மறுபடி விந்துத் திரவத்தில் போட்டால் அத்திறன் போய்விடும் என்று 1957-இல் காட்டியவரும் அவரே. இன்று ஆய்வகத்தில் அந்தத் திரவத்தை முதலில் நீக்குவது இதனால்தான். ஆனால் கழுவாத மாதிரியை நேரடியாக வேகமாகச் சுழற்றி அடியில் படிய வைக்கக் கூடாது: இறந்த அணுக்களும் வெள்ளணுக்களும் நல்லவற்றோடு நெருங்கி, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளால் சவ்வைச் சிதைக்கும். அடர்த்தி வேறுபடும் திரவ அடுக்குகளில் பிரித்தெடுத்த பிறகே கழுவ வேண்டும். விந்தணு தயாராக, வளர்ப்புக் கரைசலில் பைகார்பனேட், கால்சியம், விந்தணுவின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும் அல்புமின் என்ற புரதம் மூன்றும் அவசியம். கரைசல் உள்ள தட்டைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் காரத்தன்மை ஏறிவிடும்.