54 பேர் ஆதரித்தும் தோற்ற துப்பாக்கித் திருத்தம்: பரவும் தகவல் தவறு

'2013-ல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் திட்டத்தை அமெரிக்க செனட்டில் பெரும்பான்மையினர் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட நான்கே மாதத்தில், 2013 ஏப்ரல் 17 அன்று அந்த வாக்கெடுப்பு நடந்தது. செனட்டர்கள் ஜோ மான்சின், பாட் டூமி துப்பாக்கி மசோதாவில் கொண்டுவந்த திருத்தம் அது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. முடிவை அறிவித்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து 'வெட்கக்கேடு' என்று குரல் எழுந்தது.

அப்புறம் ஏன் தோற்றது? அன்று எந்தத் திருத்தமும் நிறைவேற 60 வாக்கு வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒப்புக்கொள்ளாவிட்டாலும், செனட்டில் விவாதத்தை முடித்து வைக்கவே 100-ல் 60 பேர் தேவை. அந்த 46 வாக்குகளில் ஒன்று செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீடுடையது. அவர் திருத்தத்தை ஆதரித்தவர்தான். தோற்ற பக்கம் நின்றவர் மறுவாக்கெடுப்பு கோர முடியாது என்பதால் எதிர்த்து வாக்களித்தார்.

இன்னொன்று: சுமார் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும், 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் தலா இரண்டே செனட்டர்கள். கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தாலும் அது அப்படியே அவையில் வாக்காக மாறாது. எனக்கு இது வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

செனட்டின் இணையதளத்தில் 113-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), முதல் அமர்வு, வாக்கெடுப்பு எண் 97-ஐப் பாருங்கள். யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பெயரோடு இருக்கிறது. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.