பொருளாளர் ஆர் தம்பி?

அண்ணை: பலகை எப்ப போடப்போகிறீர் தம்பி?

தம்பி: மேலே பாருங்கோ. 'வாட்டர் பம்ப் திருத்துமிடம்' என்று போட்டு எத்தனை வருசம்.

அண்ணை: உது இல்லை, நீர் தொடங்கப்போகிற சபைக்கு. இரவு பத்து மணி வரைக்கும் கடையைப் பூட்டாமல் தலையணை மொத்தத்தில் ஒரு வேதப் புத்தகம் வாசிக்கிறீராம். பரந்தன் சந்தி வரைக்கும் கதை போய்விட்டது.

தம்பி: நீங்களும்தான் தினமும் பேப்பர் வாசிக்கிறீர்கள். அச்சகமா தொடங்கினீர்கள்?

அண்ணை: பகிடி விடாதேயும். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலில் கூடாரம் அடிக்கிற குடும்பம் அல்லேலூயாப் பக்கம் போய்விட்டதே என்று உம்முடைய மாமி அழுகிறா.

தம்பி: நான் எங்கேயும் போகவில்லை அண்ணை. ஞாயிறு பூசையில் உங்களுக்குப் பின்வாங்கில்தான் இருக்கிறேன். பிரசங்கம் தொடங்கியதும் நீங்கள் நித்திரை, பிறகு எப்படித் தெரியும்?

அண்ணை: சரி சரி. உதை ஆர் எழுதினது?

தம்பி: கார்ல் பார்த். சுவிஸ்காரர், புரட்டஸ்தாந்து இறையியலாளர்.

அண்ணை: சுவிசோ! (கதிரையைக் கிட்ட இழுக்கிறார்.) உதை முதலே சொல்லியிருக்கலாமே. சுவிசில் எவடம்?

தம்பி: பாசல்.

அண்ணை: என்னுடைய மச்சானும் பாசல்தான்! நம்பரைத் தாரும், கூரைத் தகரத்துக்காவது கேட்டுப் பார்ப்போம்.

தம்பி: ஆள் 1968ல் செத்துவிட்டார்.

அண்ணை: பிள்ளைகள்?

தம்பி: அண்ணை, அந்த மனிசன் ஹிட்லருக்கு நிபந்தனை இல்லாமல் சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொல்லி ஜெர்மனியில் பேராசிரியர் வேலையை இழந்தவர். 1932ல் தொடங்கிய ஒரு நூல் 13 புத்தகமாக வளர்ந்தும் முடியாமலே போய்ச் சேர்ந்தார். அவரிடம் தகரம் கேட்கிறீர்கள்.

அண்ணை: 13 எழுதியுமோ முடியவில்லை? எங்கள் ஒழுங்கைப் போதகர் மூன்று மாதம் எங்கேயோ படித்துவிட்டு வந்து எல்லாத்துக்கும் விடை சொல்கிறார்.

தம்பி: பார்த்துக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

(மேசையில் புத்தகம் விரிந்தபடி. ஓரமெல்லாம் கிறீஸ் விரல். பக்கம் மூடாமல் இருக்க நடுவில் ஒரு பிளக் வைத்திருக்கிறது. அண்ணை அதையே பார்க்கிறார்.)

அண்ணை: உது என்னுடைய மெசின் பிளக் மாதிரி இருக்கே.

தம்பி: உங்களுடையதுதான். பொறுங்கோ, இந்தப் பந்தி முடியட்டும்.

அண்ணை: அங்கே மிளகாய்க் கன்று வாடுது, இவர் பந்தி முடிக்கிறார்! வேறு ஆரையெல்லாம் வாசிக்கிறீர்?

தம்பி: அகுஸ்தினார், ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்திய ஆயர். உலகத்தைப் படைக்க முதல் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறவர்கள் அப்பவும் இருந்திருக்கிறார்கள். 'இப்படிக் கேட்கிற ஆட்களுக்கு நரகம் கட்டிக்கொண்டிருந்தார்' என்று ஆரோ பகிடி விட்டானாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன் என்று எழுதிவைத்திருக்கிறார்.

அண்ணை: மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு அந்தப் பகிடியைத்தான் விடை என்று சொல்லித் தந்தார்கள். அகுஸ்தினாரும் சுவிசோ?

தம்பி: வட ஆப்பிரிக்கா.

அண்ணை: அங்கே எங்கள் ஆட்கள் குறைவு.

தம்பி: இன்னொரு பெரிய இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இத்தாலி. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கேளுங்கோ. 1273 மார்கழியில் ஒரு நாள், நான் எழுதினதெல்லாம் வைக்கோல் மாதிரி என்று சொல்லி எழுத்தையே விட்டுவிட்டார்.

அண்ணை: வைக்கோலை லேசாக நினைக்காதேயும். மாடு வைத்திருக்கிறவனைக் கேட்டுப் பாரும். எல்லாம் சரி தம்பி, இதெல்லாம் சுவாமியார் பார்க்கிற வேலை. சபையும் தொடங்கவில்லை என்றால் உமக்கு ஏன்?

தம்பி: 2009ல் செட்டிகுளம் அகதி முகாமில் தரப்பாளுக்குள் கிடந்தபோது, கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டது நீங்கள்தானே? பக்கத்துத் தரப்பாள்காரர், அப்படிக் கேட்டால் பாவம், இது எங்களுக்கு வந்த தண்டனை என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். வேதத்தில் எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபுவின் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தார்கள். முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்தார்கள், அதோடு எழும்பிப் போயிருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பார்கள். கடைசியில் கடவுள் 'என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை' என்று கோபித்தது விளக்கம் சொன்ன அவர்களைத்தான். கேட்டவனை இல்லை. அந்த ஏழு நாளைப் பற்றி எந்தச் சுவாமியார் உங்களுக்குப் பிரசங்கம் வைத்தார்?

அண்ணை: (கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.) வைத்திருப்பார். நான் நித்திரை.

தம்பி: ம்.

அண்ணை: நல்லாப் பேசுகிறீர் தம்பி. ஆட்கள் வருவார்கள். பொருளாளர் ஆர்? ஒருத்தரும் இல்லையென்றால் நான் நிற்கிறேன்.

(தம்பி பிளக்கை எடுத்து பம்பில் பூட்டுகிறார், கயிற்றை இழுக்கிறார். மூன்றாம் இழுவையில் மெசின் பிடிக்கிறது.)

தம்பி: ஆயிரத்து ஐந்நூறு.

அண்ணை: ஊழியம் செய்கிற ஆட்கள் காசு கேட்கக்கூடாது தம்பி.

தம்பி: அதுக்குத்தான் அண்ணை நான் சபை தொடங்கவில்லை. எடுங்கோ.