வசனத்தோடு நிறுத்தாமல் அந்தப் பகுதியையே ஜெபிப்போமா?

செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரே வசனம் சுற்றிச் சுற்றி வரும். உபாகமம் 28:13. ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்.’ சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிக்கிறபோது எழுதுகிற பிஎஸ்எல்இ தேர்வுக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீடுகளில் அது மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும். ‘உன்னை’ என்ற இடத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டு, காலையும் இரவும் விசுவாசத்தோடு வாய்விட்டுச் சொல்லி அறிக்கையிடுவார்கள். ஒரே வகுப்பில் இரண்டு விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆண்டவர் யாரைத் தலையாக்குவார் என்று குழுவில் கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. 2021லிருந்து தேர்வு முறையே மாறிவிட்டது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண் போய், பாடத்துக்கு 1 முதல் 8 வரை அடைவுநிலை வந்தது. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 4 வாங்கினால் உச்சம், 32 வாங்கினால் கடைசி. எது தலை எது வால் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் இனி ஜெபிக்க வேண்டும்.

கேலி போதும். வேத வசனங்களை எடுத்து ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதைவிடப் பழைய ஜெப முறை நமக்கு ஏது? இயேசு சிலுவையில் கடைசியாகச் சொன்னது சங்கீதம் 31ல் இருக்கிற வரி. ‘என் தேவனே, என் தேவனே’ என்று கதறியது சங்கீதம் 22. பேதுருவும் யோவானும் மிரட்டி அனுப்பப்பட்ட அன்று, அப்போஸ்தலர் 4ல், சபையார் கூடி இரண்டாம் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள். யோனா மீனின் வயிற்றுக்குள் செய்த ஜெபத்தை வாசித்துப் பாருங்கள். அதில் பாதி சங்கீதங்களின் எதிரொலிதான்.

நம் சொந்த வார்த்தைகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன என்பதும் ஒரு காரணம். உடம்பு சுகம், வேலை, பிள்ளைகள் படிப்பு, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கடன். இந்த நான்கையும் சொல்லிவிட்டு ‘இயேசுவின் நாமத்தில் ஆமென்’ என்றால் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. வேதப் பகுதி நம்மை வேறு எங்கோ அழைத்துப் போகிறது. நாம் கேட்க நினைக்காததையும், சில நேரம் கேட்க விரும்பாததையும் கேட்க வைக்கிறது.

என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். நாம் பகுதியை எடுப்பதில்லை. நமக்குப் பிடித்த வரியை மட்டும் கத்தரித்து எடுக்கிறோம். கத்தரித்த பிறகு அந்த வரி நாம் ஏற்கெனவே ஆசைப்பட்டதை மட்டும் திரும்பச் சொல்கிறது. அதே உபாகமம் 28:13 எப்படித் தொடங்குகிறது? கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்று. முந்தின வசனம் தேர்வைப் பற்றிப் பேசவில்லை, ஒரு தேசம் மற்ற தேசங்களுக்குக் கடன் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. 44ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறிவிடுகின்றன. அங்கே தலையாக இருப்பவன் நடுவில் வந்து குடியேறிய அந்நியன். இந்த ஊரில் பிழைக்க வந்த நமக்கு அந்த வசனத்தை வாசித்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து எரேமியா 29:11. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது வந்திருக்கும்! ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அருமையான வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான், எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும். எரேமியாவோ 29:10ல் எழுபது வருஷம் என்கிறார். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டை வரி. நாற்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்ட ஒருவர் தன் ஊரைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார். இந்த வருஷமே பதவி உயர்வு, இந்த வருஷமே பிஆர் (நிரந்தரவாசம்) என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது, எரேமியாவின் கையெழுத்தைப் போட்டு அனனியாவின் கடிதத்தை அனுப்புகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, முழுக் கடிதத்தையும் ஜெபித்தால் என்ன ஆகும்? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று 5, 6ஆம் வசனங்கள் சொல்கின்றன. 7ஆம் வசனம், உங்களைக் கொண்டுபோய் விட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், ‘அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்’ என்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற தமிழனுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் உண்டா சொல்லுங்கள். ஒர்க் பெர்மிட்டில் வந்து மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பிக்கும் பொருந்தும், தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் மலாய் மாமா, எம்ஆர்டி ரயில் ஓட்டுபவர், எல்லாரும் இந்த ஜெபத்துக்குள் வந்துவிடுகிறார்கள். 11ஆம் வசனத்தை மட்டும் ஜெபித்தால் நானும் என் குடும்பமும்தான் அதில் இருக்கிறோம்.

வேதத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தானியேல் 9ல், எரேமியாவின் சுவடியில் அந்த எழுபது வருஷக் கணக்கைத் தானியேல் வாசிக்கிறார். உடனே ‘ஆண்டவரே, உம் வாக்கை உரிமை கோருகிறேன்’ என்று கொடி பிடிக்கவில்லை. இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, ‘நாங்கள் பாவஞ்செய்தோம்’ என்று தொடங்குகிறார். வாக்குத்தத்தம் அவரை முதலில் கொண்டு போனது மன்னிப்புக் கேட்கிற இடத்துக்கு. நாங்கள் என்று சொல்லித் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். நம் ஜெபக் கூட்டங்களில் இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் கேட்டதில்லை.

தொண்ணூற்றோராம் சங்கீதத்துக்கு வருகிறேன். இதில்தான் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். பையன் தேசிய சேவைக்குப் போகிற நாளில் இராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் ஏறும் வரை அம்மாக்கள் முணுமுணுப்பது இந்தச் சங்கீதத்தைத்தான். நானும் என் மகனுக்காக இதை ஜெபித்தவள்தான், இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது, ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று ஸூமில் சேர்ந்து அறிக்கையிட்டோம். அதே நேரத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் ஒரு அறைக்குள் பத்துப் பேர், அதற்கும் மேல் என்று இருந்த நம் தம்பிமார்களின் கூடாரத்துக்குள் வாதை நேராகப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனதாக அரசாங்கமே சொன்னது. அவர்களில் நம்மைப் போலவே இந்தச் சங்கீதத்தை ஜெபித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லப்போகிறீர்களா?

இந்தச் சங்கீதத்தின் 11, 12 வசனங்களைக் கத்தரித்து எடுத்து இயேசுவிடமே நீட்டியவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். மத்தேயு 4. ‘தாழக்குதியும்’ என்றான். இயேசு அந்த வசனத்தைப் பொய் என்று சொல்லவில்லை, தேவனைப் பரீட்சை பாராதே என்று இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார். சங்கீதத்தைக் கடைசி வரை வாசித்தால் 15ஆம் வசனம் வருகிறது. ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்கிறது. ஆபத்து வரும் என்று சங்கீதமே ஒத்துக்கொள்கிறது. தெக்கோங் போகிற மகனுக்காக நான் இழுத்துப் பிடித்துக்கொள்கிற வரி இதுதான்.

அன்பானவர்களுக்காக ஜெபிக்க எந்தப் பகுதி என்று கேட்டால் என் பதில் தயாராக இருக்கிறது. பவுலின் ஜெபங்கள். எபேசியர் 1லும் 3லும், பிலிப்பியர் 1:9 முதல் 11 வரை, கொலோசெயர் 1:9 முதல் 12 வரை. இந்த நிருபங்களை எழுதும்போது அவர் கட்டப்பட்டிருந்தார். அப்படியிருந்தும் இந்த ஜெபங்களில் அவர்களுக்கு நல்ல வேலை, நல்ல வியாபாரம், துன்பம் இல்லாத நாட்கள் வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும், தேவசித்தத்தை அறிய வேண்டும், ‘சந்தோஷத்தோடே கூடிய எல்லாப் பொறுமையும் நீடிய சாந்தமும்’ வேண்டும் என்று கேட்கிறார். (அதற்காகச் சுகம் கேட்பதே தவறு என்று ஆகிவிடாது. 3 யோவான் 2ஐ வாசியுங்கள், ரோமர் 15ல் பவுல் தன் பாதுகாப்புக்காகவே ஜெபிக்கச் சொல்வதையும் வாசியுங்கள். அதி ஆவிக்குரியவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.)

எங்கள் வீட்டில் மாமியாருக்கு மறதி நோய். என்னையே யார் என்று கேட்பார், சாப்பிட்டு முடித்த கையோடு சாப்பாடு தரவில்லை என்பார். அவருக்காகக் கொலோசெயர் 1ஐ ஜெபிக்க ஆரம்பித்தபோது, ‘எல்லாப் பொறுமையும்’ என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. அது அவருக்கு மட்டும் தேவையானது இல்லையே. எனக்கு வேண்டும், என் கணவருக்கு வேண்டும், எல்லாருக்கும் மேலாக இரவில் அவர் பக்கத்தில் படுக்கிற எங்கள் இல்லப் பணிப்பெண்ணுக்கு வேண்டும். அந்தப் பெண்ணுக்காக அவள் பெயர் சொல்லி ஜெபிக்க வைத்தது அந்தப் பகுதிதான். ஜெபித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவளை ஓய்வுக்கு அனுப்பாமல் இருக்க முடியவில்லை. இதுதான் பகுதியாக ஜெபிப்பதில் இருக்கிற தொல்லை, வேலை வைத்துவிடும்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்ப ஜெபத்தில் நாம் செய்கிற ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். எபேசியர் 6:1, ‘பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்’ என்பதை ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிற தகப்பன்மார்கள் உண்டு. அது ஜெபமா? ஆண்டவர் காதில் போடுவதுபோல் பிள்ளைக்குப் போடுகிற திட்டு. மூன்று வசனம் தள்ளிப் போனால் ‘உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்’ என்று தகப்பன்மார்களுக்கே எழுதியிருக்கிறது. அதையும் சத்தமாக ஜெபியுங்கள் ஐயா. பிள்ளை எவ்வளவு பலமாக ஆமென் சொல்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, இது லேசான விஷயம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் சங்கீதம் 118:17ஐக் கொடுத்தார்கள். ‘நான் சாவாமல், பிழைத்திருந்து.’ அக்கா அதை எழுதிக் கட்டிலில் ஒட்டி வைத்திருந்தார். கணவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகு அக்காவிடம் கொடுக்க யாரிடமும் வசனம் இல்லை. ‘நான் சரியாக அறிக்கையிடவில்லையோ’ என்று அக்கா கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அந்த வசனத்தின் மேல் அல்ல. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதமும் இருக்கிறதே. ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளில் முடிகிற சங்கீதம். அதையும் ஆண்டவர்தானே நமக்கு ஜெபிக்கக் கொடுத்திருக்கிறார்? 13ஆம் சங்கீதத்தின் ‘எதுவரைக்கும்’ இருக்கிறது. இவற்றை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அக்காவோடு உட்கார்ந்து 88ஐ மெதுவாக வாசித்தோம். அவ்வளவுதான் செய்தோம். ‘இப்படியெல்லாம் பைபிளில் இருக்கா?’ என்று கேட்டார்.

எப்படி ஜெபிப்பது என்று உள்பெட்டியில் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1535ல் மார்ட்டின் லூத்தர் தன் முடிதிருத்துநர் பேதுருவுக்கு ஜெபிப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று நான்கு இழையாகப் பிரிக்கச் சொன்னார். எந்தப் பகுதிக்கும் அது பொருந்தும். நான் காலையில் வேலைக்குப் போகிற ரயிலில், நிற்க இடம் கிடைத்தால், ஒரு பத்தியை எடுத்து அப்படியே போகிறேன். ஒரே பத்தியை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்வேன். அவசரமில்லை.

அட்டையைக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று யாரும் போதகரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அவரிடம் நானே போய் ஒன்று கேட்கப்போகிறேன். வருகிற டிசம்பர் 31க்கு அட்டை அடிக்கும்போது வசனத்தை முன்பக்கத்தில் போடுங்கள், பின்பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு வசனங்களையும் அச்சடியுங்கள். அட்டை கொஞ்சம் பெரிதாகும், அச்சுச் செலவும் கூடும். கூடுகிற பணத்தில் என் பங்கை நான் தருகிறேன், மீதியை இந்தப் பதிவுக்கு ஆமென் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.