ஆஸ்திரேலியாவை நகர்த்திய வரைபடம்

மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் இந்தியாவுக்குத் தேவையா என்ற விவாதம் அவ்வப்போது தலைதூக்கும். உடனே ஓய்வுபெற்ற தளபதிகள் தொலைக்காட்சியில் அணி பிரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடற்படைக்காரர் கப்பல் வேண்டும் என்பார். விமானப்படைக்காரர் அந்தப் பணத்துக்கு எத்தனை போர்விமானம் வாங்கலாம் என்று கணக்குப் போடுவார். இருவரும் பேசுவது தேசப் பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் பாதிக்கு மேல் பங்காளிச் சண்டையாகத் தெரிகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நிலத்தை அளக்கும் சர்வேயரையும் ஆளுக்கொருவராக அவர்களே கூட்டிவருகிறார்கள்.

பிரிட்டனில் இந்தச் சண்டை எங்கே போய் முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் விவாதம் கொஞ்சம் தெளிவாகும். 1963இல் சிவிஏ-01 என்ற புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு அந்த நாட்டு அரசு ஒப்புதல் கொடுத்தது. ஐம்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல். விமானப்படை சும்மா இருக்குமா? கப்பலே வேண்டாம், இந்தியப் பெருங்கடலில் அங்கங்கே தீவுகளில் தளம் அமைத்தால் அமெரிக்க எஃப்-111 விமானங்களைக் கொண்டே எல்லாக் கடலையும் காத்துவிடலாம், செலவும் குறைவு என்றது. மாலத்தீவின் கான் தீவு ஏற்கெனவே கையில் இருந்தது. ஆப்பிரிக்கா பக்கம் அல்டாப்ரா தீவைப் பார்த்து வைத்தார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு தீவைச் சுற்றியும் வட்டம் போட்டார்கள். ஒரு இடத்தில் வட்டம் எட்டாமல் போனதால் ஆஸ்திரேலியாவையே சில நூறு மைல் நகர்த்தி வரைந்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அது எவ்வளவு தூரம் உண்மையோ, கதை மட்டும் இன்றுவரை சாகவில்லை.

1966 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி கப்பலை ரத்து செய்தார். கடற்படைத் தளபதி டேவிட் லூஸும் கடற்படைக்கான அமைச்சர் கிறிஸ்டோபர் மேயூவும் பதவி விலகினார்கள். விமானப்படை ஜெயித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. அல்டாப்ராவில் ராட்சத ஆமைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அறிவியலாளர்கள் எழுப்பிய குரலும் சேர்ந்துகொள்ள, அந்தத் தளம் கைவிடப்பட்டது. 1968 ஜனவரியில் எஃப்-111 விமானங்களும் ரத்து. கப்பலும் போயிற்று, விமானமும் போயிற்று. மிச்சம் பிடித்தது கஜானா மட்டும்தான்.

இந்தக் கணக்குக்கு 1982இல் பரீட்சை வந்தது. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. அருகில் பிரிட்டனுக்கு இருந்த ஒரே ஓடுதளம் அசென்ஷன் தீவில். அங்கிருந்து ஃபாக்லாந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை ஃபாக்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நடுவானில் எரிபொருள் ஊட்டும் 11 விக்டர் டேங்கர் விமானங்கள் கிளம்பின. வல்கனுக்கு எரிபொருள் கொடுக்க டேங்கர், அந்த டேங்கருக்குக் கொடுக்க இன்னொரு டேங்கர் என்று வானத்திலேயே ஒரு சங்கிலி. போய்த் திரும்ப ஏறத்தாழ 16 மணி நேரம். வீசியது 21 குண்டுகள், ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லியின் ஓடுதளத்தில் விழுந்தது ஒன்று. விமானிகளின் துணிச்சலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கப்பலைவிட இது மலிவு என்று வாதாடியவர்களின் ஏட்டில் அந்த 11 டேங்கர்களும் எந்தப் பக்கத்தில் இருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

அன்றாடம் வானத்தைக் காத்தது ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற இரண்டு சிறிய கப்பல்களிலிருந்து பறந்த சீ ஹாரியர் விமானங்கள். முந்தைய ஆண்டு வந்த சிக்கன அறிக்கையின் விளைவாக அந்த இன்வின்சிபிளைத்தான் ஆஸ்திரேலியாவுக்கு விற்க ஏற்பாடாகியிருந்தது! விமானப்படையின் ஹாரியர்களும் பிறகு ஹெர்மிஸில் வந்து இறங்கி, அதே தளத்திலிருந்து பறந்தன. குண்டு விழும்போது யாரும் பங்கு கேட்பதில்லை.

கடற்படையின் ஏட்டிலும் ஓட்டை இருந்தது. பழைய பெரிய கப்பலான ஆர்க் ராயல் ஓய்வுபெற்றபோது, அதிலிருந்து பறந்த முன்னெச்சரிக்கை ரேடார் விமானங்களும் போய்விட்டன. மே 4 அன்று தாழப் பறந்து வந்த அர்ஜென்டின விமானங்கள் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை ஷெஃபீல்டு போர்க்கப்பலைத் தாக்கியது. 20 பேர் செத்தார்கள். மேலிருந்து பார்க்கும் கண் இல்லாமல் விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஹெர்மிஸ்தான் 1987இல் நம்மிடம் வந்து விராட் ஆனது. 2017 வரை உழைத்தது. கப்பலை வாங்கினோம், அது கண்ட பாடத்தையும் சேர்த்து வாங்கினோமா என்பதுதான் சந்தேகம்.

நம் கணக்கைப் பாருங்கள். 2022இல் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025இல் போட்ட ஒப்பந்தம், ஆயுதம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து, சுமார் 63,000 கோடி. காலி வீட்டின் விலையை மட்டும் சொல்வது கடற்படையின் வழக்கம். கூடப் போகும் நாசகாரிக் கப்பல்களும் நீர்மூழ்கியும் தனிக்கணக்கு.

விமானப்படை மட்டும் என்ன? பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் விமானங்களை 2020இல் தஞ்சாவூரில் நிறுத்தினார்கள். நல்ல முடிவு, வங்காள விரிகுடாவின் பெரும்பகுதிக்கு அது போதும். ஆனால் அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றால், கையில் எத்தனை டேங்கர் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இல்யூஷின்-78 வகையில் நாம் வாங்கியவை ஆறே ஆறு.

சண்டையை முடிக்க முடியாது என்றும் இல்லை. கடல் கண்காணிப்பு விமானங்கள் ஒருகாலத்தில் விமானப்படையிடம்தான் இருந்தன. 1976இல் அரசு தலையிட்டு அந்த வேலையைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. இன்று அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பி-8ஐ விமானங்கள் பறப்பது அந்த முடிவின் தொடர்ச்சி. விமானப்படை ஒன்றும் அழிந்துபோய்விடவில்லை. (1971 பாகிஸ்தான் போரில் கராச்சி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது யார் என்ற சண்டையை மட்டும் எந்த அரசாலும் தீர்க்க முடியாது. இரு தரப்புக்கும் தனித்தனி நெருப்பு இருக்கிறது.)

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் இருக்கும் இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யா ஓய்வு பெறும்போது அதன் இடத்துக்குக் கொச்சியில் விக்ராந்த் போலவே இன்னொன்று கட்டலாம். 13 ஆண்டு பட்டுக் கற்ற தொழில் கைவிட்டுப் போகாது. இன்னும் பெரிதாக அறுபத்தைந்தாயிரம் டன்னில் ஒரு கப்பல் என்ற கனவு இப்போதைக்கு வேண்டாம். மிக்-21 போன பிறகு விமானப்படையின் படைப்பிரிவுகள் 30க்கும் கீழே இறங்கிவிட்டன. அனுமதிக்கப்பட்டதோ 42. அதை அலட்சியப்படுத்திவிட்டுக் கடலில் மாளிகை கட்ட முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் டேங்கர் விமானம் வாங்க வேண்டும். விமானப்படையின் சுகோய்க்கும் கடற்படையின் ரஃபேலுக்கும் அது ஒன்றே எரிபொருள் ஊட்டும். ஏர்பஸ் ஏ330 டேங்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விலை அதிகம் என்று இரண்டு முறை கைவிட்டோம். அதற்காகத் தொலைக்காட்சியில் மேசையைத் தட்டிப் பேசிய தளபதி ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.