சாண்டோ வெறும் 2 கிலோ டம்பெல்லால்தான் பலசாலி ஆனாரா?

'பழைய பயில்வான் யூஜின் சாண்டோ 2 கிலோ டம்பெல் மட்டுமே தூக்கினார், பளு தூக்குவது உடம்பைக் கெடுக்கும்' என்றொரு ஃபார்வர்டு வேலூர் பக்கம் சுற்றுகிறது. தவறு.

சாண்டோ இலேசான டம்பெல் பயிற்சி சொல்லித்தந்தது உண்மை. ஆனால் அது வீட்டில் பழகும் பொதுமக்களுக்கு. மேடையில் அவர் தூக்கியது பெரும் பாரம். அவர் காலத்துப் பயில்வான் ஆர்தர் சாக்ஸன் 1905-இல் ஒரே கையால் சுமார் 168 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார்! அந்த முறைக்கு பென்ட் பிரஸ் என்று பெயர். எடை மாட்டிய கம்பியைத் தோளில் நிறுத்தி, பாரத்தைத் தள்ளாமல், உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து அதன் அடியில் இறங்க வேண்டும். கை நேரானதும் நிமிர வேண்டும். பழக விரும்பினால், பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடை மாட்டாத காலிக் கம்பியில் தொடங்குங்கள். தோளும் இடுப்பும் இளகாமல் எடை கூட்டுவது ஆபத்து.

அப்புறம், இன்றைய ஒலிம்பிக், காமன்வெல்த் பளுதூக்கும் போட்டிகளில் பென்ட் பிரஸ் கிடையாது. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச், முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க் மட்டும்தான். நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றது இவற்றில்தான்.