மாணவர் இதழ்த் துணுக்குக்கு ஏழாண்டுச் சிறையா?

கல்லூரி மாணவர் இதழில் மதத்தைக் கேலிசெய்யும் துணுக்கு வந்தாலே, எழுதியவரின் நோக்கம் எதுவாயினும், ஏழாண்டுச் சிறை உறுதி என்று ராயபுரம், வண்ணாரப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது. 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பழைய 295ஏ பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட, தீய நோக்கத்தோடு செய்யப்படும் இழிவையே குற்றமாக்குகிறது; அதிகபட்சத் தண்டனையும் மூன்றாண்டுகளே. தெரியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்த இழிவு இதில் அடங்காது என்று, பழைய 295ஏ பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்த 1957ஆம் ஆண்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது (இது சுவையற்ற துணுக்குகளுக்கு நற்சான்று அன்று). அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்கவும் முடியாது. ஆயினும், பிடியாணையின்றிக் கைதுசெய்யக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு என்பதால், ‘ஒன்றுமே ஆகாது’ என்று பதிலுக்குப் பரப்புவதும் சரியன்று.